சுகர் மாத்திரையைக் குறைக்கும் மாதங்களில் சர்க்கரையையும் மனசையும் கவனிப்பது எப்படி: வேலூர் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதலில் ரத்தச் சர்க்கரை இறங்க வேண்டும்; மாத்திரையைக் குறைப்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்களை வேலூர், குடியாத்தம், ஆரணி என்று எந்த ஊர் மருத்துவமனையிலும் பார்க்கலாம். யாரோ சொன்ன பொடியை நம்பி மாத்திரையை ஒரே நாளில் தூக்கிப் போட்டிருப்பார்கள். சில மாதம் கழித்துக் கால் புண்ணோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். இன்னொரு வகை ஆட்களும் உண்டு. சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, எடையையும் இறக்கிவிட்டு, மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வியர்த்துக் கொட்டி மயங்கும்போதுதான் விஷயம் தெரியவரும். இரண்டு வகை ஆட்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மன அழுத்தத்தைப் பற்றியும் நிறைய இருக்கும். மாத்திரை குறையும் மாதங்களில் மீட்டரில் தெரியும் ஒவ்வொரு எண்ணும் பரீட்சை மார்க் போல ஆகிவிடுகிறது. அந்தப் பதற்றமே சர்க்கரையை ஏற்றும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

மாத்திரை இல்லாமல் இருக்க முடியுமா?

சிலரால் முடியும். டைப் 2 சர்க்கரை நோயில், மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி, 6.5%க்குக் கீழே இருந்தால் அதை 'தணிவு நிலை' என்று மருத்துவ உலகம் சொல்கிறது. 2021-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்த அளவுகோல் இது. குணமாகிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை, கவனியுங்கள். எடை திரும்ப ஏறினால் சர்க்கரையும் திரும்ப வரும்.

பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' என்ற ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், அதிக எடை உள்ளவர்கள் இவர்களை மட்டும் எடுத்தார்கள். மருத்துவக் கண்காணிப்பில், சில மாதங்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி உணவு மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46% பேர் மாத்திரை இல்லாமல் தணிவு நிலையில் இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86% பேர். இரண்டாம் வருட முடிவில் அந்த 46%, 36% ஆகிவிட்டது. ஊக்கமும் எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கிறது இந்த எண்களில்.

இது ஏன் நடக்கிறது? கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரையும்போது, கல்லீரல் தேவையில்லாமல் சர்க்கரையை வெளியே தள்ளுவது குறைகிறது, கணையமும் மெல்ல விழித்துக்கொள்கிறது. நம்மவர்களுக்கு இந்தக் கொழுப்பு உடம்பு பெருக்காமலே வயிற்றில் போய்த் தங்கிவிடும். அதனால் எடைக் கருவியோடு இடுப்பு அளவையும் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் குறைக்க இடம் இருக்கிறது என்று பொருள்.

யார் இதில் இறங்கவே கூடாது

டைப் 1 உள்ளவர்கள் இன்சுலினை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் தாங்களாக எதையும் மாற்றக் கூடாது. கணையத்தில் கல் வந்து அதனால் சர்க்கரை வந்தவர்களுக்கும் இந்தக் கதை பொருந்தாது.

ஒல்லியான உடம்பு, முயற்சி இல்லாமலே எடை இறங்குகிறது, தாகம் அடங்கவில்லை, மாத்திரை மேல் மாத்திரை சேர்த்தும் சர்க்கரை பிடிபடவில்லை என்றால் அது டைப் 2 தானா என்பதே சந்தேகம். சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்பில் இன்சுலின் சுரப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது காட்டும்.

இருபது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, இன்சுலினும் போடுகிறேன் என்பவர்களுக்கு முழுதாக நிறுத்துவது பெரும்பாலும் நடக்காது. ஆனால் அளவைக் குறைக்கலாம். அதுவும் சின்ன விஷயம் இல்லை. ஊசி நான்கிலிருந்து இரண்டானால் வாழ்க்கையே மாறும்.

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் சுகர் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பி, பெரிய எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். 'ஒரு மாத்திரைதான் போடறேன்' என்பவருடைய அட்டையில் மூன்று மருந்து இருக்கும். மெட்பார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் ரொம்பச் சாதாரணம். இரண்டு டாக்டரிடம் காட்டி, இரண்டு பெயரில் ஒரே மருந்தை வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒவ்வொன்றும் வேறு மாதிரி வேலை செய்கிறது. அதனால் குறைக்கும் முறையும் வேறு.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு: கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இவை தட்டிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் ஆபத்து வருவது இவற்றால்தான். இன்சுலின் ஊசியும் அப்படியே. பெரும்பாலும் டாக்டர்கள் முதலில் குறைப்பது இந்த இரண்டையும்தான். புது உணவு முறையைத் தொடங்கப் போகிறீர்கள் என்றால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரை இறங்கிய பிறகு போய்ச் சொல்வது தாமதம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்: சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. இதில் இரண்டு விஷயம். ஒன்று, இவை இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதுகாக்கின்றன. அந்தக் காரணத்துக்காகக் கொடுத்திருந்தால், சர்க்கரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். இரண்டு, இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சோற்றை அடியோடு விட்டாலோ பட்டினி கிடந்தாலோ, மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

மெட்பார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. அதனால் வழக்கமாக இதுதான் கடைசியில் போகும். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைந்து பாதம் மரத்துப் போகலாம். எரிச்சல், மரப்பு எல்லாமே சுகரால்தான் என்று விட்டுவிடாமல் ஒருமுறை பி12 பாருங்கள்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் வகையில் பெரிய தொல்லை இல்லை. டாக்டர் சொல்லும்போது குறைத்துக்கொள்ளலாம்.

மாத்திரையை நீங்களாகப் பாதியாக உடைக்காதீர்கள். 'எஸ்ஆர்', 'எக்ஸ்ஆர்' என்று போட்டிருப்பவை மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. உடைத்தால் அந்த அமைப்பே போய்விடும். அப்புறம், சுகர் மாத்திரை குறைகிறது என்ற சந்தோஷத்தில் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் சேர்த்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு கணக்கு. எடை குறைந்தால் பிபி மாத்திரை வேண்டுமானால் குறையலாம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் பிபி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் அளவை மாற்றினால், மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லிப் பதிவை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் பழைய அளவே வீடு தேடி வரும், வீட்டில் யாராவது பழக்க தோஷத்தில் எடுத்தும் கொடுப்பார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஹெச்பிஏ1சி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், கண் விழித்திரைப் பரிசோதனை. ஹீமோகுளோபின் எதற்கு என்று கேட்கலாம். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். வேறு சில ரத்தக் கோளாறுகளில் குறைத்துக் காட்டும். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருப்பதால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கண் பரிசோதனையும் அவசியம். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்து சர்க்கரை வேகமாக இறங்கினால் கண் சில காலம் மோசமாகலாம்.

அப்புறம் ஒரு குளுக்கோமீட்டர். வீட்டு மீட்டர் லேப் அளவிலிருந்து 15% வரை முன்னே பின்னே காட்டலாம். அந்த அளவுக்குத் தரவிதிகளே இடம் கொடுக்கின்றன. அதனால் நேற்று 118, இன்று 126 என்பதை ஏற்றம் என்று எண்ணி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் தொட்ட விரலில் எடுத்தால் மாம்பழச் சர்க்கரையும் சேர்ந்து வரும்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஸ்ட்ரிப் டப்பாவை வண்டிப் பெட்டியிலும் ஜன்னல் ஓரத்திலும் வைத்தால் கெட்டுப்போய்த் தப்பான எண் காட்டும். பெரும்பாலான ஸ்ட்ரிப்களுக்கு 30 டிகிரிதான் மேல் எல்லை. இன்சுலின் போடுகிறவர்கள், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால், ஈர மணலுக்கு நடுவே மண்சட்டி வைத்து அதில் இன்சுலினை நனையாமல் வைக்கலாம். நல்ல பலன் தரும் பழைய முறை இது.

தட்டில் என்ன மாற வேண்டும்

இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நம் பக்கத்துச் சாப்பாட்டை மட்டும் சொல்கிறேன்.

கேழ்வரகுக் களி நம் வட ஆற்காட்டுச் சொத்து, சந்தேகமே இல்லை. ஆனால் 'களிக்கு சுகர் ஏறாது' என்பது தவறு. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது; அரிசியில் 78 போல. நார்ச்சத்து கூடுதல் என்பதுதான் கேழ்வரகின் நன்மை. ஆக, உருண்டையின் அளவுதான் முக்கியம். கரண்டியில் அள்ளிப் போடும் பெரிய உருண்டையில் பாதி போதும், கூடவே கீரைக் கடைசலோ கோழிக் குழம்போ தாராளமாக. அதே மாவைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். ஜவ்வாது மலைச் சாமைக்கும் இதே விதிதான்.

பிரியாணி. ஆம்பூர், ஆற்காடு, வாணியம்பாடி என்று மூன்று பக்கமும் பிரியாணி ஊர்களை வைத்துக்கொண்டு 'தொடவே கூடாது' என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் கேட்க மாட்டேன். சீரகச் சம்பா சோற்றைக் கால் தட்டுக்குக் குறைத்து, கறியையும் வெங்காயத் தயிரையும் கத்திரிக்காயையும் முதலில் சாப்பிடுங்கள், சோறு கடைசியில். காயும் புரதமும் முன்னால் போய், மாவுச்சத்து பின்னால் போனால் சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். கத்திரிக்காய்க்கு எண்ணெயைக் குறைத்துக்கொண்டால் போதும். புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் இருக்கும் ஊரில் காய்க்கு என்ன பஞ்சம். ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாவுக்குத்தான் என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

காலையில் இட்லி மட்டும் சாப்பிடும் வழக்கத்தை மாற்றிப் பாருங்கள். இரண்டு இட்லியோடு இரண்டு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல். வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அவித்ததோ வறுத்ததோ. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும், காலையில் கோட்டைக்குப் போய் அகழி ஓரம் நடப்பதைப் போலவே சர்க்கரைக்கு நல்ல பலன் தரும். இரண்டும் முடிந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்தால் தொடைத் தசை வேலை செய்யும். சர்க்கரையை அதிகம் உறிஞ்சுவது தசைதான்.

ஆவாரம்பூ, வெந்தயம், சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு எல்லாம் கொஞ்சம் உதவலாம். மாத்திரைக்கு மாற்று இல்லை. பெயர், தயாரிப்பாளர் விவரம் எதுவும் இல்லாமல் விற்கும் 'சுகர் பொடி' வேண்டவே வேண்டாம். இப்படிப்பட்ட சில பொடிகளில் கிளிபென்கிளமைடைக் கலந்து விற்றது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு, அளவு தெரியாமல் அதே மாத்திரையைச் சாப்பிடுவதுதான் அது.

குறைக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரு மருந்து. இரண்டைச் சேர்த்து மாற்றினால், ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று தெரியாது. ஒரு படி குறைத்த பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளி வரை, பெரும்பாலும் சில வாரங்கள், அதே அளவில் நின்று பார்க்க வேண்டும்.

இந்தக் காலத்தில் தினமும் காலை வெறும் வயிற்றில் ஒன்று, ஏதாவது ஒரு வேளை சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு ஜோடி. இன்று காலை இட்லி, நாளை மதியச் சோறு, மறுநாள் ராத்திரி தோசை என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஒரு வாரத்தில் எந்தச் சாப்பாடு உங்களை ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். ஜோடியாக எடுக்காத எண்ணுக்கு அவ்வளவு பயன் இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் இதைவிட அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பிறகு 180க்குள். வயதானவர்களுக்கு டாக்டர் இதைத் தளர்த்துவார். மூன்று நான்கு நாள் தொடர்ந்து இதைத் தாண்டினால் போன் செய்து கேளுங்கள். 250க்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். 300க்கு மேல், கூடவே வாந்தி, மூச்சு வாங்கல், மயக்கம் என்றால் 108.

காலை அளவு மட்டும் பிடிவாதமாக 130, 140 என்று நின்றால் மனம் தளர வேண்டாம். விடியற்காலையில் உடம்பு விழிக்கத் தயாராகும்போது கல்லீரல் கொஞ்சம் சர்க்கரையைத் திறந்துவிடும். பலருக்குக் கடைசியாகச் சரியாவது அந்தக் காலை எண்தான்.

இறங்கிவிட்டால்

70க்குக் கீழே என்றால் லோ சுகர். நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சலான பேச்சு. மூன்று ஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள்.

உங்கள் மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால் சாதாரணச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது. அதை உடைக்கும் வேலையைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. குளுக்கோஸ் பொடியை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். படபடப்புக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை போடுகிறவர்களுக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, பலரைக் குழப்புவது. மாதக்கணக்கில் 250இல் இருந்தவருக்கு 110 வந்தாலே கை நடுங்கும். உடம்பு பழைய அளவுக்குப் பழகியிருப்பதால் வரும் தடுமாற்றம் அது, ஆபத்து இல்லை. அதற்காக ஒவ்வொரு முறையும் சர்க்கரை அள்ளிப் போட்டால் இறங்கவே இறங்காது. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சாப்பாட்டு நேரம் என்றால் சாப்பிடுங்கள். சில வாரத்தில் பழகிவிடும்.

மன அழுத்தம் மீட்டரில் எப்படித் தெரியும்

பயமோ கோபமோ கவலையோ வந்தால் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன. ஓடவோ சண்டை போடவோ வேண்டும் என்று உடம்பு நினைத்துக்கொண்டு கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். இன்சுலினின் வேலையையும் தடுக்கும். நாம் ஓடவும் இல்லை, சண்டை போடவும் இல்லை, சோபாவில் உட்கார்ந்து சீட்டுப் பணத்தை நினைத்துக்கொண்டிருக்கிறோம். இறங்கிய சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். மாத்திரை முழு அளவில் இருந்தபோது இந்த ஏற்றத்தை அது மறைத்திருக்கும். குறைத்த பிறகு பளிச்சென்று தெரியும். 'நான் ஒன்றுமே சாப்பிடவில்லை, எப்படி 170?' என்ற கேள்விக்குப் பாதி நேரம் பதில் இதுதான்.

சோதித்துப் பார்க்க ஒரு நோட்டுப் போதும். சர்க்கரை எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மனசு எப்படி இருந்தது என்று ஒரு சொல் எழுதுங்கள். 'வாக்குவாதம்', 'பேங்க் போன்', 'நிம்மதி' என்று எதுவானாலும் சரி. இரண்டு மூன்று வாரம் போனதும் திருப்பிப் பார்த்தால், சாப்பாடு ஒன்றாகவே இருந்தும் எண் ஏறிய நாட்களுக்குப் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டாக்டரிடமும் அந்த நோட்டையே காட்டுங்கள். அழுத்தத்தால் ஏறியதைப் பார்த்து மருந்தைக் கூட்டிவிட்டால், அழுத்தம் வடிந்ததும் லோ சுகர் வரும்.

படபடப்பு வந்தால் அது பயமா, லோ சுகரா என்பது வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மீட்டரில் பாருங்கள். மீட்டர் கையில் இல்லை, கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுக்கிறீர்கள் என்றால், லோ சுகர் என்றே எடுத்துக்கொண்டு சர்க்கரை குடியுங்கள். ஒருமுறை ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும்.

மூச்சுப் பயிற்சிக்கு எந்த வகுப்பும் வேண்டாம். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள், ஐந்து பத்து நிமிடம். வெளியே விடுவது நீளமாக இருப்பதுதான் விஷயம். இதயத் துடிப்பு அதில்தான் இறங்கும். மீட்டரில் குத்தும் முன் செய்யலாம், காட்பாடி ரயில்வே மேம்பாலத்து நெரிசலில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருக்கும்போதும் செய்யலாம்.

மூச்சைவிடப் பெரிய மருந்து தூக்கம். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் சில நாள் ஓட்டினாலே இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், மருத்துவமனைகளில் இரவு வேலை பார்க்கிறவர்கள், நைட் ஷிப்ட் வாரத்தில் மாத்திரை குறைப்பைத் தொடங்காதீர்கள். பகல் தூக்கத்துக்கு அறையை இருட்டாக்கி, விடியற்காலை டீயையும் பன்னையும் விட்டாலே கொஞ்சம் வித்தியாசம் தெரியும். பலமாகக் குறட்டை விட்டு, இரவில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால் அதற்குத் தனியாகக் காட்டுங்கள். தூக்க மூச்சடைப்பும் சர்க்கரையும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும்.

சொந்தக்காரர்கள் தரும் அழுத்தத்துக்கு எந்த லேப் டெஸ்டும் இல்லை. கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்ததும் அத்தை ஆரம்பிப்பார்: 'இன்னாடா, ஒரு நாள் சாப்ட்டா இன்னா ஆயிடப் போவுது?' கூடவே பக்கத்து இலை மாமா, 'மாத்திரய நிறுத்திட்டியாமே, வேணாம்பா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அப்பிடித்தான்...' என்று தொடங்குவார். இரண்டு பேரிடமும் விளக்கம் சொல்லப் போனால் உங்கள் சர்க்கரைதான் ஏறும். 'டாக்டர் பாத்துக்கினு இருக்காரு அத்தை' என்ற ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொண்டு காயைப் போடச் சொல்லுங்கள். மாத்திரை குறைப்பது வீட்டில் ஒருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

மீட்டரே அழுத்தமாகிவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை குத்துவார்கள், எண் பார்த்துத்தான் அன்றைய முகம். டாக்டர் சொன்ன நேரத்துக்கு மேல் குத்தாதீர்கள், லோ அறிகுறி வந்தால் தவிர. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கம் இல்லை, அழுகை வருகிறது என்றால் அது மன உறுதிக் குறைவு இல்லை. சர்க்கரை நோயோடு மனச்சோர்வு வருவது சகஜம். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். மனச்சோர்வு கடுமையாக இருக்கும்போது மாத்திரை குறைப்பைத் தள்ளிப் போடுவதே நல்லது.

காய்ச்சல், வெயில், நோன்பு

காய்ச்சலோ பல் சீழோ வந்தால் சர்க்கரை ஏறும், நிறுத்திய மாத்திரை சில நாளைக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம். வாந்தி, பேதி இருந்தால் மெட்பார்மினையும் டாபாகிளிஃப்ளோசின் வகையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றைக்கே கேளுங்கள். கோடையில் உடம்பில் நீர் வற்றினாலும் எண் ஏறும். மோர் குடிக்கலாம், இளநீரை அளவோடு, கரும்புச்சாறு வேண்டாம்.

ரமலான் நோன்பு வைக்கிறவர்கள் ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் பேசி, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பின்போது 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேல் போனாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். கிருத்திகை, ஏகாதசி விரதத்துக்கும் அதே எண்கள்தான். விரதம் முடிந்ததும் பொங்கலும் வடையுமாக ஈடு கட்டுவதில் என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஆடிக் கூழ் ஒரு சின்ன சொம்போடு நிற்கட்டும்.

நிறுத்திய பிறகு

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி, பிறகு டாக்டர் சொல்வதுபோல, குறைந்தது வருடத்துக்கு ஒருமுறை. கண், பாதம், சிறுநீர்ப் பரிசோதனைகள் எப்போதும்போல வருடாவருடம். பழைய நாட்களின் பாதிப்பு பின்னாலும் வெளிப்படலாம். வாரம் ஒருநாள் எடை பாருங்கள். இரண்டு மூன்று கிலோ திரும்ப ஏறிவிட்டால், சர்க்கரை ஏறும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே சோற்றைக் குறைத்து அதை இறக்குங்கள். திரும்ப மாத்திரை தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள். எடை ஏறாமலே, வயதோடு கணையம் தளர்ந்தும் அது நடக்கும்.

மிச்சமான மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். பழைய பைல், சீட்டு, நோட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ தோல் அலர்ஜிக்கோ வேறு டாக்டரிடம் போகும்போது, 'எனக்குச் சுகர் இல்லை' என்று சொல்லிவிடாமல், 'சுகர் இருந்தது, இப்போது மாத்திரை இல்லாமல் கட்டுக்குள் இருக்கிறது' என்று சொல்லுங்கள். அவர் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எழுதப்போகிறார் என்றால் அது அவருக்குத் தெரிய வேண்டும். ஸ்டீராய்டு போட்ட நாட்களில் மீட்டரை மறுபடி வெளியே எடுத்து, மதியத்துக்கு மேலும் ராத்திரியும் பாருங்கள். காலையில் போட்ட ஸ்டீராய்டு அந்த நேரத்தில்தான் அதிகம் ஏற்றும், வெறும் வயிற்று எண்ணில் பிடிபடாமலே போகலாம்.